கூரைக்குள் ஓர் ஆறு

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களில் உறவினரைக் காண்பது என்பது, எப்போதும் ஒருவர் வீட்டிற்கு மற்றொருவர் செல்வதாகவே அமைந்துவிடுகிறது. ஒரே ஊரில் வாழ்வோர் கோயிலிலும் கடைத்தெருவிலும் ஆற்றங்கரையிலும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வர். நம்மைப் போன்றோர் பெட்டிகளோடு சென்று, சில வாரங்கள் தங்கி, விடைபெற்றுத் திரும்புகிறோம். அந்நாள்களில் ஒரு சாரார் விருந்தினர், மறுசாரார் விருந்தோம்புவோர். பெற்ற பிள்ளையின் வீடே ஆயினும், எந்த அலமாரியைத் திறப்பது, வெந்நீர்க் குழாயை எவ்வளவு நேரம் திறந்துவிடுவது என்பனவற்றில் ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருக்கும். இத்தயக்கம் அன்பின்மையால் வருவதன்று. வீடு என்பது ஒருவருக்கு உரியது என்பதால் வருவது.

தாமிரபரணிக் கரையிலிருந்து 1979-ஆம் ஆண்டில் நாங்கள் தில்லிக்கு வந்தோம். இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் எங்களைக் காண வந்த பெற்றோர், கட்டிலின் ஓரத்தில்தான் அமர்வார்கள். இப்போது சிகாகோவின் புறநகர் ஒன்றில் வாழும் எங்கள் மகன் வீட்டில் நாங்களும் அவ்வாறே அமர்கிறோம். எட்டு வயதுப் பேத்தியும் ஐந்து வயதுப் பேரனும் எங்களிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார்கள். குழந்தைகள் மரியாதையாக நடந்துகொள்வதைக் காட்டிலும் வருத்தம் தருவது வேறொன்றில்லை.

சென்ற குளிர்காலத்தில் பள்ளி விடுமுறை வந்ததும், மகன் எங்கள் அனைவரையும் விஸ்கான்சின் டெல்ஸ் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். சிகாகோவிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். வழியெங்கும் வயல்கள் பனியால் மூடிக் கிடந்தன. இத்தகைய நாளில் நீராடுவதற்காக இத்தனை தூரம் செல்வதா என்று வியந்தோம்.

அவ்வூரின் வரலாறே நீரின் வரலாறுதான். பனியுகத்தின் இறுதியில் தேங்கி நின்ற பெரும் ஏரி ஒன்று கரை உடைத்துப் பாய்ந்தபோது, மணற்பாறைகளை அறுத்துக்கொண்டு விஸ்கான்சின் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு உருவாயிற்று. ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்களின் நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எச்.எச். பென்னட் என்னும் ஒளிப்படக் கலைஞர் அப்பாறைகளைப் படம் எடுத்துப் பரப்பவே, படகில் ஏறி அவற்றைக் காணக் கூட்டம் வரலாயிற்று. அருகில் ஓர் ஓடையை மறித்து 1927-இல் டெல்டன் என்னும் செயற்கை ஏரியை அமைத்தார்கள். 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதப் பெருமழையில் அவ்வேரி கரையை அரித்து, சில வீடுகளையும் அடித்துக்கொண்டு, ஒரே நாளில் ஆற்றோடு கலந்து வற்றிப்போனது. மறு ஆண்டில் கரையைச் சீர்செய்து மீண்டும் நிரப்பினார்கள். நாங்கள் சென்ற நாளில் அது வெண்தளமாக உறைந்திருந்தது.

கோடைக்கு மட்டுமே ஆள் வரும் ஊர், குளிர்காலத்தில் எவ்வாறு பிழைப்பது? அவ்வினாவிற்கு விடையாகவே நீர் விளையாட்டுகளைக் கூரைக்குள் கொண்டுவந்தார்கள். அவ்வூர் விடுதி ஒன்று இதனைத் தொடங்கியது. பிறகு விடுதிக்கு விடுதி போட்டியிட்டுப் பெருக்கின. இப்போது அமெரிக்காவின் பல பகுதிகளிலும் இத்தகைய விடுதிகள் உள்ளன. தங்குவோரின் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அறையின் திறவுகோலும் அதுவே. அறையிலிருந்து தாழ்வாரம் வழியாக நடந்து ஒரு கதவைத் தள்ளினால், வெளியே உறைபனி இருக்க, உள்ளே நம் ஊர்ப் பங்குனி மாத வெம்மை. காற்று 29 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். வண்ணவண்ணக் குழாய்கள் உத்தரம் வரை சுருண்டு ஏறுகின்றன. உச்சியில் ஒரு மாபெரும் வாளி சிறிது சிறிதாக நிரம்பி, மணி ஒலித்ததும் தலைகீழாகக் கவிழ்கிறது. அதன் கீழே நிற்பவர் எழுப்பும் கூச்சல், சாரல் காலத்தில் குற்றாலத்துப் பேரருவியின் கீழ் எழுவதேதான்.

கதவைத் தள்ளியதும் மூக்கைத் தாக்குவது குளோரின் மணம் என்று எண்ணினோம். வேதியியல் படித்த மருமகள் விளக்கினாள். வியர்வை முதலியவற்றோடு குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமைன் என்னும் பொருளின் மணமே அது. அதனை வெளியேற்றுவதற்காகவே அங்குக் காற்றுக் குழாய்கள் இடைவிடாது இயங்குகின்றன. தண்ணீர் வண்டிக்காகத் தில்லியில் குடத்தோடு நின்றவர்கள் நாங்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைத் தொலைக்காட்சியில் கண்டு கலங்கியவர்கள். ஆதலால் இத்தனை நீரும் வீணன்றோ என்று வினவினோம். அதே நீரைத்தான் வடிகட்டி, மருந்திட்டு, மீண்டும் மீண்டும் மேலே ஏற்றுகிறார்கள் என்றான் மகன். ஆவியாவதற்கும் சிதறுவதற்கும் ஈடாக மட்டுமே புதுநீர் வேண்டுமாம். நாங்கள் ஓரளவு அமைதியடைந்தோம். அறை வாடகையை ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

முதல் தடை உடையில் வந்தது. நீச்சலுக்கென நெய்த துணியன்றி வேறெதற்கும் அங்கே இடமில்லை. பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனக்கும், அதன் இழைகள் வடிகட்டியில் சேரும். எங்கள் இருவரில் புடவையன்றி வேறு உடுத்தறியாதவர் கரையில் நாற்காலியிலேயே இருந்துவிடுவதாகக் கூறினார். மருமகள் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து, முழங்கை வரை கையும் கணுக்கால் வரை காலும் மறைக்கும் கருநீல நீச்சலுடை ஒன்றை எடுத்து நீட்டினாள். அளவைக் கேட்காமல், கொடியில் உலர்ந்த இரவிக்கையை அளந்து ஒரு மாதத்திற்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறாள். மூன்று மாதங்களாகச் சமையலறையில், “நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்” என்பதற்கு மேல் பேசாத பெண் அவள். அன்று மாலை மாமியாரும் மருமகளும் ஒரே ரப்பர் மிதவையில் முன்னும் பின்னுமாக அமர்ந்து, இருண்ட குழாய் ஒன்றின் வழியே அலறிக்கொண்டு கீழே வந்து விழுந்தார்கள். இருவரும் எழுந்து நின்று, “இன்னொரு தடவை” என்று ஒரே நேரத்தில் கூறினார்கள்.

அங்கு நாங்கள் கண்ட மற்றொரு வியப்பு மொழியைப் பற்றியது. பேத்திக்குத் தமிழ் கற்பிக்க மூன்று மாதங்களாக முயன்றிருந்தோம். பழங்களின் பெயர், வாரத்தின் நாள்கள் என்று ஒப்பித்தாள், மாலையில் மறந்தாள். நீரில் இறங்கிய அரைமணி நேரத்தில், “மூச்சைப் பிடி”, “முங்கு”, “வழுக்கும், பார்த்து”, “இங்கே ஆழம்”, “தலையைத் துவட்டு” என்று எங்கள் வாயிலிருந்து தாமாகவே சொற்கள் புறப்பட்டன. நாற்பது ஆண்டுகளாக அடுக்குமாடி வீட்டில் வாளியும் குவளையுமாகக் குளித்ததில் எங்களுக்கே அவை புழக்கத்தில் இல்லை. பேத்தி அவற்றை உடனே பற்றிக்கொண்டாள். தம்பியைப் பார்த்து, “முங்கு! முங்கு!” என்று கட்டளையிட்டாள். ஒரு சொல்லைப் புத்தகத்திலிருந்து கொடுத்தால் அது பாடம். அச்சொல் தேவைப்படும் இடத்திற்கு அழைத்துச் சென்றால் அது மொழி. தமிழ் வகுப்பு நடத்தும் நம் சங்கங்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

சறுக்குக் குழாய்களைச் சுற்றி ஒரு வாய்க்கால் வளைந்து ஓடுகிறது. சோம்பல் ஆறு என்பது அதன் பெயர். கரையிலிருந்து நீரைப் பாய்ச்சும் விசைக்குழாய்கள் மெல்லிய ஓட்டத்தை உண்டாக்குகின்றன. மிதவையில் சாய்ந்துகொண்டால் அது நம்மைச் சுமந்து சென்று, புறப்பட்ட இடத்திற்கே கொணர்ந்து சேர்க்கிறது. இரண்டாம் நாள் பிற்பகல், குழந்தைகள் மருமகளோடு வாளியின் கீழ் நிற்க, நாங்கள் இருவரும் அவ்வாற்றில் மிதந்தோம். மகன் தன் மிதவையை எங்களருகே செலுத்தி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உடன் வந்தான்.

“நீங்க ரெண்டு பேரும் இனிமே இங்கேயே இருந்துடுங்களேன். தில்லியில யாரு இருக்கா?” என்றான்.

இவ்வினாவை அவன் உணவு மேசையில் மும்முறை எழுப்பியிருக்கிறான். மும்முறையும் “பார்க்கலாம்ப்பா” என்றே கூறினோம். ஒருவர் இட்ட சோற்றை உண்டுகொண்டே அவர் வீட்டை மறுப்பது எவ்வாறு? ஆற்றிலோ யார் இட்ட சோறும் இல்லை. யார் வீட்டுக் கூரையும் இல்லை. ஆதலால் விடை எளிதாக வந்தது.

“தில்லியில யாருமில்லைன்னு சொல்லாதே. மலை மந்திர்ப் படியில எங்களுக்காகக் காத்திருக்கிறவங்க இருக்காங்க. சங்க நூலகத்துல நாங்க உட்கார்ற நாற்காலி இருக்கு. ஒரு தடவை ஊரை விட்டு வந்து, இன்னொண்ணை ஊராக்கிக்கிட்டோம். மறுபடியும் அதைச் செய்ய எங்களால ஆகாது. வருவோம், போவோம். இருக்க மாட்டோம்.”

அவன் ஒரு சுற்று முழுவதும் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் கூறினான்: “எனக்குப் பயமா இருக்கு. ராத்திரியில போன் அடிச்சா எழுந்து உட்கார்ந்துடறேன்.”

அப்பயத்தை நாங்கள் நன்கு அறிவோம். எங்களுக்கு அது தந்தியின் வடிவில் இருந்தது. வாசலில் தந்திக்காரரின் மிதிவண்டி நின்றாலே, பிரிப்பதற்கு முன்பே நெஞ்சு நடுங்கும். தந்திப் பணி 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டில் முடிவுற்றது. அந்நடுக்கம் மட்டும் அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிட்டது. பெரிய வேலையிலிருக்கும் நாற்பது வயது மகன், தனக்குப் பயம் என்று பெற்றோரிடம் கூறியது அதுவே முதல் முறை.

அடுத்த இரண்டு சுற்றுகளில் மூவருமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆண்டில் ஒரு பருவம் நாங்கள் அங்கே. கோடை விடுமுறையில் குழந்தைகள் இங்கே. குளிர்காலத்தில் நாள்தோறும் தில்லியில் காலை ஏழு மணிக்கு நாங்கள் அழைப்போம். அங்கே அப்போது முன்னிரவு ஏழரை. மருத்துவர், அண்டை வீட்டார் ஆகியோரின் எண்கள் அவனிடம் இருக்கும். காலை அழைப்பு வந்துவிட்டால் இரவில் அவன் உறங்கலாம். பெரிய முடிவு ஒன்றுமில்லை. ஆயினும் மூன்றாண்டுகளாகச் சொல்லப்படாமல் கிடந்தது அது. அன்று முதல் இன்று வரை ஒரு நாளும் தவறாமல் அழைக்கிறோம். சில நாள்களில் பேத்தி எடுத்து, “தாத்தா, பாட்டி, இன்னிக்கு முங்கினேன்” என்கிறாள். ஊர் நீச்சல் குளத்தில் சேர்ந்திருக்கிறாளாம்.

கூரைக்குள் கட்டிய ஆறு தாமிரபரணி ஆகாது. அதில் மீன் இல்லை, மணல் இல்லை, மறுகரை இல்லை. எனினும் படித்துறை செய்துவந்த பணி ஒன்றை அது செய்தது. படித்துறை யாருடைய வீடும் அன்று; அங்கே விருந்தினரும் இல்லை, விருந்தோம்புவோரும் இல்லை. ஈரத்தலையோடு நிற்கும் அனைவரும் ஒரே நிலையினர். சிதறி வாழும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு நாளேனும் அத்தகைய பொது இடம் ஒன்று வேண்டும். அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. பெரும் பொருள் செலவிடவும் வேண்டியதில்லை. தில்லி அன்பர்களுக்கு ஹரித்துவாரத்தில், சங்கிலியைப் பற்றிக்கொண்டு மூழ்கும் கங்கைப் படிகள் உள்ளன. ஊருக்குச் செல்வோருக்குச் சாரல் காலத்துக் குற்றாலம் உள்ளது. அடுத்த முறை பிள்ளைகளைக் காணும்போது, அவர்கள் வீட்டிலும் தங்குங்கள். நம் வீட்டிற்கும் அழையுங்கள். இடையில் இரண்டு நாள், யாருக்கும் சொந்தமில்லாத நீர் ஒன்றைத் தேடி அனைவருமாகச் செல்லுங்கள். நெடுநாளாகச் சொல்ல நினைத்தது ஏதேனும் இருப்பின், அங்கே சொல்லிவிடலாம்.