சேருகிற இடம்

பதினோராம் வகுப்புக் கணினிப் பாடத்தில் தற்சுழற்சி நடத்திக்கொண்டிருந்தேன். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு. “உங்க ஆயா போட்ட கோலமும் இதுதான்” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சொல்வதுதானே. “எப்படி மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள். பதில் இல்லை. 1-லிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்க வேண்டிய காரணீயப் பெருக்க நிரலை எழுதியிருந்தாள். 5 கொடுத்தால் அது 1 என்றது. திருத்திக் கொடுத்தேன், அவளுக்கு விளங்கவில்லை.

எங்கள் ஆயா மார்கழியில் தெருவை அடைத்து ஒரே கோடாகப் போடும் கம்பிக் கோலம் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. அந்தக் கை இப்போது திண்டிவனத்துப் பெரியத்தைக்கு. விழுப்புரத்திலிருந்து சனிக்கிழமை ராத்திரியே போய்த் தங்கினேன். மூன்று ஞாயிறு விடியலில் நோட்டும் பேனாவுமாக வாசலில் உட்கார்ந்தேன்.

“சின்னக் கோலம் நாலு சேர்ந்துதானே இந்தப் பெரிய கோலம், அத்தை?”

“சின்னதாவது பெருசாவது. கை போற வழி அது.”

நான்காக மடித்து வரைந்து காட்டினேன். அத்தை பார்க்கவேயில்லை. “எங்க முடியும்?” “ஆரம்பிச்ச எடத்துல.” மூன்று வாரமும் இதே பதில். கோலம் போடுகிறவர் மனதில் தற்சுழற்சி இருக்கிறது என்ற பேச்சின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஆனால் கோலத்தை விதிகளாக எழுதிக் காட்டியவர்கள் திண்டிவனம் வழியாகப் போகும் அதே ரயில் பாதையில், தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன். கோலம் வளர்வதற்கு இலக்கண விதிகள் எழுதி 1974-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பின்னாளில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கம்பிக் கோலத்தை நேரே போவது, இடம் திரும்புவது, வலம் திரும்புவது என்று நகர்வுகளாகவும் எழுதினார்கள். அதைப் படித்ததும் அத்தையின் குரல்தான் கேட்டது. கை போற வழி!

நான்காம் வாரம் கேள்வி எதுவும் கேட்காமல் நானே மாவை எடுத்தேன். நான்கு சின்னக் கோலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒரே கோடாக வரவில்லை. நான்கு தனி வளையங்களாக நின்றன. எல்லாவற்றையும் அழிக்கக் கை ஓங்கினேன்.

அத்தை தடுத்தார். “அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. சேருற எடத்தப் பாரு.” நடுவில் முனைகள் முட்டும் இடத்தை மட்டும் விரலால் துடைத்து, வாய் திறந்துவிட்டு, குறுக்கே கோட்டை இழுத்தார். நான்கும் ஒரே கோடாயின.

அந்தப் பெண்ணின் நிரலிலும் அழைப்பு சரி, 1-இல் நின்றதும் சரி. திரும்பி வரும் விடையை எதோடும் பெருக்காமல் விட்டிருந்தாள். திங்கட்கிழமை அவளிடம், “4-க்கு விடை சரியாத்தான் வரும், அத நம்பு. 5-ஆல பெருக்கிச் சேக்குறது மட்டும் உன் வேல” என்றேன். தானே திருத்தினாள். 120 வந்தது.

உங்கள் வீட்டில் கம்பிக் கோலம் போடுகிறவர் இருந்தால், கேள்வி கேட்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று போட்டுப் பாருங்கள்.