வாகனம் மாறிய மஸ்அலா

மத்ரஸாவில் பாடம் சொல்லிக்கொடுத்துவரும் இந்த முப்பது ஆண்டுகளில் நம்மிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட மஸ்அலா எதுவென்று எவரேனும் வினவினால், அது தொழுகையைப் பற்றியதன்று; ஸகாத்தைப் பற்றியதுமன்று; செருப்பைப் பற்றியது. ஜும்ஆ முடிந்து ஒருவர் பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறார். தம் செருப்பைக் காணவில்லை. அது கிடந்த இடத்தில் அதே நிறத்தில், அதே அளவில், சற்றே தேய்ந்த வேறொரு சோடி கிடக்கிறது. "ஹஜ்ரத், இதை மாட்டிக்கொண்டு போகலாமா?" என்பார். ஆகும் என்ற விடையை எதிர்பார்க்கும் சிரிப்பு அவர் முகத்தில் இருக்கும். ஆகாது என்போம் நாம். தம்முடையதை எடுத்துச் சென்றவர் தெரிந்தே எடுத்தாரா, கவனப்பிசகாய் எடுத்தாரா என்பது தெரியாது. கிடக்கும் சோடி அவருடையதுதானா என்பதும் தெரியாது. உரியவர் அதனை வேண்டாமென்று விட்டுவிட்டார் என உறுதிப்பட வேண்டும். அல்லது கண்டெடுத்த பொருளுக்குரிய முறைப்படி அறிவிப்புச் செய்து தேட வேண்டும். அதுவரை அதில் கால் நுழைக்கலாகாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபுக் கிதாபுகளின் தீர்ப்பு. கேட்டவர் சுடுமணலில் வெறுங்காலுடன் நடந்து போவார். நாமோ நம் செருப்பை மாட்டிக்கொண்டு நிழலோரமாய் வீடு வந்து சேர்வோம்.

மஸ்அலா சொல்பவனுக்கும் வெறுங்காலுடன் நடப்பவனுக்கும் உள்ள தொலைவு எத்துணை என்பதை, 2023 ஆம் ஆண்டு ரஜப் மாதத்து இரவொன்றில் ஜித்தாவில் அறிந்தோம்.

நாமும் நம் துணைவியாரும் உம்ராவுக்காகச் சென்றிருந்தோம். தம்மாமில் பணிபுரியும் நம் மூத்த மகன் அன்றிரவே உள்நாட்டு விமானத்தில் ஜித்தாவுக்கு வந்து நம்மை எதிர்கொண்டான். மக்கா, அதன்பின் மதீனா என ஐந்து நாள் பயணம். விமான நிலையத்திலிருந்தே ஹரமைன் விரைவு ரயில் உண்டு என்றாலும், உம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க இயலாது என்று கருதி, தன் கைப்பேசியிலேயே ஒரு வாடகைக் காருக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தான். இஹ்ராமுடைய எல்லையை விமானம் வானிலேயே கடந்துவிடுமாதலால் நாம் முன்னரே இஹ்ராம் அணிந்து, வானிலேயே நிய்யத்தும் வைத்திருந்தோம். மகனும் தன் வழியில் உள்ள எல்லைக்கு முன்பே அவ்வாறு செய்துவிட்டான். ஆகவே கார் வாடகை நிலையங்கள் வரிசையாய் அமைந்த அந்தக் கூடத்தில் தந்தையும் மகனும் தையலற்ற இரு வெண்துணிகளில் நின்றோம். நம்மைச் சுற்றி நின்றவர்களிலும் பாதிப்பேர் அவ்வாறே நின்றனர். செல்வர் யார், ஏழை யார் என்று பிரித்தறிய முடியாதபடி அமைந்த உடை அது. ஆனால் சாவி கொடுக்க வேண்டியவனுக்கும் ஆளைப் பிரித்தறிய முடியாமற் போகும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இங்கே உண்டு. அந்த முகப்பில் நாம் சற்றுச் செருக்குடனேயே நின்றோம். நம் மகன் பொறியியல் கற்றவன். அரபு நாட்டில் எட்டாண்டுகள் வாழ்ந்தும் கடைத்தெரு அரபிக்கு மேல் அறியாதவன். நாமோ இலக்கணமும் இலக்கியமும் கற்றுப் பிறருக்கும் கற்பித்தவர். எனவே மகனை விலக்கிவிட்டு, பணியிலிருந்த சவூதி இளைஞரிடம் நாமே பேசினோம். இறுதி எழுத்தின் ஸேர் ஸபர் ஒன்றும் விடாமல், கிதாபில் உள்ளபடியே பேசினோம். அவ்விளைஞர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஏஷ் தப்கா, யா ஷைக்?" என்றார். என்ன வேண்டும் என்பது பொருள். நாம் கற்ற அரபியில் அச்சொற்கள் இல்லை. மகன் குறுக்கிட்டு இரண்டே சொற்களில் காரியத்தை முடித்தான்.

நம் செருக்கு அதனோடும் அடங்கவில்லை. காத்திருந்த வேளையில் அவனுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினோம். காருக்கு அரபியர் இன்று வழங்கும் 'சய்யாரா' என்னும் சொல், குர்ஆனில் யூசுஃப் அத்தியாயத்தில் பயணக் கூட்டத்தைக் குறித்து வருகிறது; கிணற்றிலிருந்து யூசுஃப் நபியை எடுத்துச் சென்ற அதே கூட்டத்தை. வாடகைக்கு அரபியில் 'கிராஃ' என்பர். உருதுவில் 'கிராயா' என்பது இதிலிருந்து வந்ததே. நம் பத்திரங்களில் எழுதும் 'கிரயம்' ஓசையில் ஒத்திருந்தாலும் அது வடமொழி வழியே வந்த வேறு சொல். பொருளும் விலைக்கு வாங்குவது. இவற்றையெல்லாம் சொன்னோம். தூக்கக் கலக்கத்திலும் தலையாட்டிக் கேட்டான் பிள்ளை.

முன்பதிவுத் தாளில் 'இவ்வகை வாகனம் அல்லது இதனை ஒத்தது' என்றிருப்பதைக் காட்டியபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜ்' நூலிலும், மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் இயற்றிய 'ஃபத்ஹுல் முஈன்' நூலிலும் வாடகையைப் பற்றிய பாடத்தை எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். வாடகை ஒப்பந்தம் இருவகை. 'இந்த ஒட்டகத்தை வாடகைக்கு எடுத்தேன்' எனக் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டுவது ஒருவகை. அவ்வொட்டகம் இறந்துபட்டால் ஒப்பந்தமும் முறியும். 'இன்ன தன்மையுள்ள ஒட்டகத்தில் என்னை இன்ன ஊர்வரை ஏற்றிச் செல்லும் பொறுப்பை ஏற்றுக்கொள்' என்பது மற்றொரு வகை; ஒன்று போனால் உரியவன் மற்றொன்றைக் கொண்டுவந்து தரவேண்டும். இரண்டாவதற்குத் திம்மாவின் மீதான இஜாரா என்று பெயர். ஒட்டகங்கள் நின்ற இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன, சட்டம் மாறவில்லை. "பார்த்தாயா!" என்றோம். "சரி வாப்பா" என்றான்.

அந்நேரத்தில் அவ்விளைஞர், "முஹம்மத்!" என்று குரல் கொடுத்தார்.

நம் ஊர்ப்பக்கத்து வழக்கம் வாசகர்கள் அறிந்ததே. பரக்கத்துக்காகப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் முஹம்மது என்று சேர்ப்போம். வீட்டில் அழைப்பதோ பின்னுள்ள பெயரால். ஆனால் கடவுச்சீட்டில் முதற்பெயராய் நிற்பது முஹம்மது. அக்கூடத்தில் அந்நேரம் அப்பெயருடையோர் எத்தனை பேர் இருந்தார்களோ! நம் மகன் அருகில் நின்றான், கையை நீட்டினான், சாவி வந்தது. ஒப்பந்தத் தாளில் முன்னரே கையொப்பமிட்டாயிற்று. அது நம் கையில் இருந்தது, மடித்தபடி.

நிறுத்துமிடத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக் கார்கள். சாவியின் பொத்தானை அழுத்த, ஒன்று கண் சிமிட்டியது. சவூதி வண்டிகளின் எண் தகட்டில் மூன்று எழுத்துகளும் அவற்றுடன் எண்களும் அரபியில் மேலே இருக்கும். அவற்றுக்கு நேரான ஆங்கில எழுத்தும் எண்ணும் கீழே இருக்கும். ஸாத் எழுத்துக்குக் கீழே ஆங்கில எக்ஸ், மீம் எழுத்துக்குக் கீழே இசட் என்று அந்தப் பொருத்தம் வேடிக்கையாக இருக்கும். இந்த விவரங்களையெல்லாம் நாம் கண்டது பின்னர். அப்போது தகட்டைப் பார்க்கவேயில்லை. முப்பதாண்டு அரபி கற்பித்தவர் கையில் அரபியில் அச்சான ஒரேயொரு தாள் இருந்தது. அதைப் பிரித்துப் படிக்க அவருக்குத் தோன்றவில்லை.

பின்னிருக்கையில் குழந்தையை அமர்த்தும் சிறு ஆசனம் ஒன்று வாரிட்டுக் கட்டப்பட்டிருந்தது. "இது யார் பிள்ளைக்கு?" என்று கேட்டார் நம் துணைவியார். "முன்னால் எடுத்தவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க உம்மா" என்றான் மகன். அவர் அதனருகே ஒடுங்கி அமர்ந்தார். கார் புறப்பட்டது.

அப்போது மணி மூன்று இருக்கும். மக்காவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஃபஜ்ருக்குமுன் ஹரமை அடைந்துவிட வேண்டும், கஅபாவின் முதற்காட்சிக்குப் பின் முதல் தொழுகை ஃபஜ்ராக அமைய வேண்டும் என்பது நம் உள்ளத்தில் பல்லாண்டாய் ஊறிக்கிடந்த ஆசை. தல்பியா சொல்லிக்கொண்டே சென்றோம். ஜித்தா நகரின் விளக்குகள் பின்தங்கி, இருபுறமும் இருண்ட குன்றுகள் தென்படத் தொடங்கிய வேளையில் மகனின் கைப்பேசி ஒலித்தது. வாடகை நிலையத்து இளைஞர். சாவி மாறிவிட்டது, வேறொரு முஹம்மது தம் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் நிறுத்துமிடத்தில் தம் வண்டியைக் காணாது நிற்கிறார், அருள்கூர்ந்து திரும்பி வாருங்கள் என்றார்.

மகன் வண்டியை ஓரமாய் நிறுத்தினான். அவனுக்குச் சினம். "தப்பு அவங்களோடது வாப்பா. நமக்குள்ள கார் அங்கே சும்மா நிக்குது. அதை அவருக்குக் கொடுக்கட்டும். ரெண்டும் ஒரே மாதிரிதானே?"

நாம் என்ன சொன்னோம்? செருப்பு மஸ்அலாவைச் சொன்னோமா? இல்லை. "திம்மாவின் மீதான இஜாராவில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகும்" என்றோம். சொல்லும்போதே அது பொருந்தாது என்பது நமக்குத் தெரியும். எண் எழுதிக் கையொப்பமும் ஆனபின் அது குறிப்பிட்ட வாகனம். பதில் வாகனம் தரும் பொறுப்பு வாடகைக்கு விட்டவனைச் சேர்ந்தது. எடுத்துக்கொண்டு போனவன் தானே பதில் தேர்ந்துகொள்ள எந்தக் கிதாபிலும் இடமில்லை. நம் உடலில் இஹ்ராம். நம் நாவில் தல்பியா. நாம் சென்றுகொண்டிருந்ததோ அல்லாஹ்வின் இல்லத்துக்கு. அந்நிலையில் நாம் நேர்ந்துகொண்ட ஒரு ஃபஜ்ருக்காக, கற்ற கல்வியிலிருந்து ஒரு கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தோம். ஆலிம்களாகிய நமக்கு இது பெருஞ்சோதனை. பாமரன் தவறு செய்தால் தவறென்று தெரிந்தே செய்வான். நாமோ அதற்கொரு பாடத்தின் பெயரைச் சூட்டிவிட்டுச் செய்வோம்.

பின்னாலிருந்து நம் துணைவியார் கேட்டார்: "அப்போ அந்தப் பிள்ளை எதிலே உட்காரும்?"

அவர் விவாதிக்கவில்லை. அந்தச் சிறு ஆசனத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார், அவ்வளவே. நம் மகன் கண்ணாடியில் உம்மாவைப் பார்த்தான். பிறகு நம்மைப் பார்த்தான். "திருப்பு" என்றோம்.

திரும்பும் வழியில் தாளைப் பிரித்துப் படித்தோம். ஒப்பந்தமும் காப்பீடும் அதில் எழுதிய எண்ணுள்ள வாகனத்துக்கு மட்டுமே உரியவை. சாலைதோறும் நிற்கும் 'ஸாஹிர்' கேமராக்கள் விரைவுக்குப் போடும் தண்டமும் எண் தகட்டைப் பற்றியே வரும். தகட்டுக்கு உரிய ஒப்பந்தக்காரர் தலையில் விழும். நம் மகன் ஃபஜ்ருக்காகச் சற்று விரைந்தே ஓட்டியிருந்தான். அத்தண்டம், குழந்தையுடன் காத்துநிற்கும் அந்த மனிதர் பெயரில் ஏறியிருக்கும். பிறர் பொருளைத் தன்னுடையதென்று கருதி எடுத்தவனுக்குப் பாவமில்லை. ஆயினும் பொருளுக்கு நேரும் சேதத்துக்கும், அதனைப் பயன்படுத்திய காலத்தின் வாடகைக்கும் அவன் பொறுப்பாளி என்பது சட்டம். கைப்பேசி ஒலித்தபின் நாம் நிறுத்தி வாதிட்ட அந்தச் சில நிமிடங்களுக்கோ, பாவமில்லை என்னும் சலுகையும் இல்லை.

நான்கரை மணியளவில் நிறுத்துமிடம் வந்தடைந்தோம். அவர் எகிப்தியர். நம்மைப் போன்றே இரு வெண்துணிகளில் இருந்தார். அவருடைய மனைவி பெட்டியின் மேல் அமர்ந்திருக்க, குழந்தை அவர் தோளில் உறங்கியது. நாம் இறங்கிச் சென்று ஸலாம் உரைத்தோம். அவர் பதிலுரைத்தார், முகத்தில் மலர்ச்சியில்லை. இஹ்ராமில் இருப்பவர் சச்சரவிடலாகாது என்பதற்காகவே அவர் வாயை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றியது. அவ்வாறு நிற்க அவருக்கு உரிமை உண்டு. அவரும் ஃபஜ்ருக்கு ஹரமை அடைய எண்ணியிருந்தவராய் இருக்கலாம்.

நாம் மன்னிப்புக் கேட்டோம். அலங்காரமெல்லாம் மறந்து, நாவில் வந்த எளிய சொற்களில் கேட்டோம். அவருடைய வாகனத்தை ஒன்றரை மணிநேரம் பயன்படுத்தியதற்கு ஈடாக நூறு ரியாலை நீட்டினோம். அவர் நம் கையைப் பின்னுக்குத் தள்ளி, "கலாஸ்" என்றார். குழந்தையை வாங்கி அந்த ஆசனத்தில் அமர்த்தி வாரை இட்டார். அவர்கள் போய்விட்டார்கள்.

நம் வண்டி இரண்டு வரிசை தள்ளி நின்றிருந்தது. அதுவும் வெள்ளை நிறமே. தாளைக் கையில் விரித்து, தகட்டின் மூன்று எழுத்துகளையும் நான்கு எண்களையும் வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்த்த பின்னரே மகனை ஏறவிட்டோம். ஃபஜ்ரை விமான நிலையத்துத் தொழுமிடத்திலேயே நிறைவேற்றினோம். ஹரமை அடைகையில் வெயில் ஏறியிருந்தது.

'கலாஸ்' என்றால் முடிந்தது என்று பொருள். பொறுத்துக்கொண்டேன், இதோடு தீர்ந்தது என்று மனம் இரங்கிச் சொல்வோரும் அச்சொல்லையே சொல்வர். போதும், பேச்சை நிறுத்து என்று முகம் சுளிப்போரும் அதனையே சொல்வர். பிறர் உரிமையை விட்டுக்கொடுத்தல் தெளிவான சொல்லால் ஆகவேண்டும் என்று நாம் பாடம் சொல்வதுண்டு. அவர் எப்பொருளில் சொன்னார் என்று மகனைக் கேட்டோம். "தெரியலையே வாப்பா, நீங்கள்தானே அரபி படிச்சவங்க" என்றான். வாங்கப்படாத அந்த நூறு ரியாலை மக்காவில் அவர் பெயரால் ஸதகா செய்துவிட்டோம். அவருடைய முழுப்பெயரும் நமக்குத் தெரியாது. முஹம்மது என்பது மட்டும் தெரியும்.