ஐந்து சக்கரம் வேணும்... விரிசல் இல்லாம வேணும்! - பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் குவியும் பியூலி சந்தை

செப்டம்பர் மாதத்து வார இறுதி. தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியில் காலை ஏழு மணிக்கே வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. முன்னால் போக்குவரத்து போலீஸ் யாரும் இல்லை. நாலைந்து மட்டக் குதிரைகள் நடுரோட்டில் நிற்கின்றன. அவ்வளவுதான். பார்த்தால் காட்டுக்குதிரை மாதிரி தெரியும். ஆனால், ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் ஒரு சொந்தக்காரர் உண்டு. வேலி இல்லாத இந்தச் சாலைகளில் 40 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. குதிரை தானாக நகரும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்பது இங்குள்ள பழக்கம்.

காத்திருக்கும் வண்டிகளில் பலவற்றின் பின்னால் ட்ரெய்லர். அதில் இன்ஜின், கதவு, ரேடியேட்டர், விளக்கு என இரும்புக் குவியல். எல்லாம் போவது பியூலி என்ற சின்ன கிராமத்துக்கு. பிரெஞ்சு மொழியில் 'அழகிய இடம்' என்று பொருள்படும் பெயர். ஆனால், எழுத்தைப் பார்த்து பிரெஞ்சு உச்சரிப்பில் சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். 1204-ல் ஜான் மன்னர் துறவிகளுக்கு இங்கே மடாலயம் அமைத்துக் கொடுத்தார். அதன் சிதிலங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால், இந்த வார இறுதியில் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் தேடி வருவது துருப்பிடித்த இரும்பை.

இந்த எஸ்டேட்டின் வாரிசான மான்டேகு பிரபு, மோட்டார் கார்களில் ஈடுபாடு கொண்டிருந்த தன் தந்தையின் நினைவாக 1952-ல் வீட்டு முன்கூடத்தில் ஐந்து கார்களை நிறுத்தி, பொதுமக்களைப் பார்க்க அனுமதித்தார். அது வளர்ந்து 1972-ல் தேசிய மோட்டார் அருங்காட்சியகம் ஆனது. இடையில் 1967-ல், பழைய உதிரிபாகங்களை விற்கவும் வாங்கவும் வயலில் ஒரு சந்தை கூட்டினார்கள். தேவாலயங்களில் பழைய துணிமணிகளைக் குவித்து விற்பதை அங்கே 'ஜம்பிள் சேல்' என்பார்கள். அதோடு 'ஆட்டோ' சேர்ந்து 'ஆட்டோஜம்பிள்' ஆனது. அந்தச் சொல் பிறந்ததே இந்த ஊரில்தான்.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். கடை என்றால் மரமேஜை, தார்ப்பாய், சில இடங்களில் வெறும் புல்தரை. ஒருவர் ஸ்பார்க் பிளக் மட்டும் விற்பார். இன்னொருவர் தாத்தாவின் ஷெட்டைக் காலிசெய்து அப்படியே கொட்டியிருப்பார். நடுவில் காபி, சாசேஜ் வாசனை. மழை பெய்தால் ரப்பர் பூட்ஸ். அனுபவசாலிகள் கையோடு ஒரு தள்ளுவண்டி கொண்டுவருகிறார்கள். இல்லாதவர்கள் கியர் பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கார் பார்க்கிங் வரை நடப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கு ஸ்டீல் சக்கரங்கள் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாடு எப்படி இருக்கும்?

மெட்ராஸ் உறவுக்கார கார்

ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை தயாரான, இருவர் மட்டும் உட்காரும் திறந்த கார். இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற போர்விமானத்தின் பெயரை வைத்தார்கள். அந்த விமானத்தை வடிவமைத்த சூப்பர்மரைன் நிறுவனம் இருந்தது, பியூலிக்குப் பக்கத்து நகரமான சவுத்தாம்ப்டனில். காரின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அடியில் இருப்பது ட்ரையம்ப் ஹெரால்டு காரின் சேஸிஸ். நீளத்தைக் குறைத்து ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கினார்கள்.

ஹெரால்டு என்றதும் நம் ஊர் தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1960-களில் சென்னையின் தெற்குப் புறநகரில் தயாராகி, 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் ஓடிய அதே கார்தான். அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் ஆசையாக வாங்கிய வண்டி. பியூலி வயலில் ஹெரால்டுக்கென்று எழுதிவைத்திருக்கும் சக்கரத்தையும் ஸ்பிட்ஃபயர்காரர் குனிந்து பார்ப்பதற்குக் காரணம் இந்த உறவுதான். போல்ட் இடைவெளி இரண்டுக்கும் ஒன்றே.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கம்பிச் சக்கரம்தானே அழகு என்று கேட்பவர்கள் உண்டு. அழகுதான். ஆனால், கம்பிகளைத் துடைத்தே ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும். கம்பி தளர்ந்தால் சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். அதனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வெள்ளி நிற ஸ்டீல் சக்கரத்தோடு வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அதிகம். அதில் ஒரு எளிமையும் இருக்கிறது. நடுவில் கிண்ணம்போல அழுத்திய தகடு, சுற்றிலும் வளைத்த பட்டை, இரண்டையும் இணைக்கும் பற்று. அவ்வளவுதான் சக்கரம்.

அந்த எளிமைக்குள்தான் வில்லங்கமும் இருக்கிறது. தகடும் பட்டையும் சேரும் இடுக்கில் மழைநீர் தங்கும். பனிக்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பும் சேரும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் விளிம்பு நெளியும். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் துளையின் ஓரம் நசுங்கும். தளர்வாக விட்டால் துளை முட்டை வடிவமாகும். கடைசியில் துளைக்கும் துளைக்கும் நடுவில் தலைமுடிபோல ஒரு விரிசல் ஓடும். அப்படியொரு சக்கரம் என்றைக்குக் கழன்று ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரிட்டனில் கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்தரச் சோதனை உண்டு. 2018 மே மாதம் முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. கடைசி ஸ்பிட்ஃபயர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 1980-ல். கணக்கு போட்டால், எல்லா ஸ்பிட்ஃபயரும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. கார் சாலையில் ஓடத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் உரிமையாளரிடமே இருக்கிறது. வேண்டுமென்றால் அவராகவே சோதனைக்குக் கொண்டுபோகலாம். போகாவிட்டால், வயலில் வாங்கிய சக்கரத்தைக் கடைசியாகப் பரிசோதித்த கண் அவருடைய கண்தான்.

கால் அங்குலத்தில் கவிழலாம்

அதனால், விவரமானவர் வெறுங்கையோடு வருவதில்லை. டார்ச், கம்பி பிரஷ், அளவு நாடா, ஒரு பழைய துணி. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், தன் காரின் நான்கு போல்ட்களின் இடத்தை அட்டையில் துளையிட்டுக் கொண்டுவருகிறார்கள். சந்தையின் மிகப் பயனுள்ள கருவி எதுவென்று கேட்டால், காசே செலவில்லாத அந்த அட்டையைத்தான் சொல்ல வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் சக்கரத்தின் விட்டம் 13 அங்குலம், நான்கு துளை, எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே 3.75 அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். பக்கத்துக் கடையில் எம்.ஜி. மிட்ஜெட் காரின் சக்கரம் சாய்த்துவைக்கப்பட்டிருக்கும். அதுவும் 13 அங்குலம். அதற்கும் நான்கு துளை. ஆனால், இடைவெளி 4 அங்குலம். கால் அங்குல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், 1974-ல் வந்த மிட்ஜெட் 1500 காரில் இருப்பது ஸ்பிட்ஃபயரின் இன்ஜின்! இன்ஜினைப் பகிர்ந்துகொண்ட இரண்டு கார்களும் சக்கரத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. இப்போதைய கார்களில் பரவலாக இருக்கும் 100 மில்லிமீட்டர் சக்கரமும் இதேபோலத்தான். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. துளையை அரம்வைத்து ராவிப் பொருத்திவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கை பட்ட சக்கரம் மறுபடி சந்தைக்கு வந்திருந்தால், துளையின் ஓரத்தில் அடையாளம் தெரியும். தொடாமல் நகர்ந்துவிட வேண்டியதுதான்.

அட்டை இல்லாதவருக்கு ஒரு சுலப வழி. ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து, எதிர்த் துளையின் இடது ஓரம்வரை அளந்தால் போதும். மையத்துக்கு மையம் அளந்ததற்குச் சமம்.

அடுத்தது அகலம். ஆரம்பகால ஸ்பிட்ஃபயருக்கு மூன்றரை அங்குலச் சக்கரம். பின்னாளில் வந்த கார்களில் நாலரை. கொஞ்சம் அகலமான டயர் போட ஆசைப்படுகிறவர்கள் நாலரையைத்தான் தேடுவார்கள். அதனால் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். சனிக்கிழமை காலையிலேயே வந்து வரிசையில் நிற்பது இதற்காகத்தான்.

இனிதான் அசல் வேலை. ஒரு கடையில் இரண்டு செட் இருக்கிறது. ஒன்று புதுப் பெயின்ட்டில் மின்னுகிறது. இன்னொன்று செம்மண் நிறத்தில், அங்கங்கே துரு. புதிதாக வருகிறவர் கை நேராக மின்னுவதற்குப் போகும். பழகியவர் கை துருப்பிடித்ததற்குப் போகும். துரு மேலோட்டமானதா, ஆழமானதா என்று பிரஷ்ஷால் தேய்த்தால் தெரிந்துவிடும். பெயின்ட்டுக்கு அடியில் மாவு வைத்து நிரப்பியிருந்தால் எப்படித் தெரியும்?

"எப்போ பெயின்ட் அடிச்சீங்க?" என்று கேட்டுப் பார்க்கலாம். "போன வாரம்" என்று பதில் வந்தால், "அதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?" என்பது அடுத்த கேள்வி. நல்ல வியாபாரி போனை எடுத்துக் காட்டுவார். இல்லாதவர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

சக்கரத்தைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பவர்கள் அதிகம் என்பதால், உண்மை பின்னால்தான் இருக்கும். துளைகளைச் சுற்றி டார்ச் அடித்து விரிசல் தேட வேண்டும். நட்டு உட்காரும் கூம்புப் பள்ளம் நான்கும் ஒரே மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். தகடும் பட்டையும் சேரும் கோட்டில் துரு கோடாகக் கசிந்திருந்தால் சந்தேகம். நெளிவு பார்க்கச் சக்கரத்தைப் புல்லில் உருட்டுவதில் பயனில்லை. புல்தரையில் எல்லாமே ஆடும். வேனின் தட்டையான தளத்தில் படுக்கவைத்து, ஓரத்தை அழுத்திப் பார்ப்பது உத்தமம். ஆட்டம் காணாமல் இருக்க வேண்டும்.

"டயரோடவே தர்றேன், எடுத்துக்குங்க" என்று ஒரு சலுகை வரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3209 என்றிருந்தால், 2009-ம் ஆண்டின் 32-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் புதுசுபோல இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. கழற்றிப் போடவும் காசு ஆகும். இன்னொரு சங்கடம், டயர் இருக்கும்வரை விளிம்பின் உட்பக்கத்தைப் பார்க்கவே முடியாது.

நான்கு கிடைத்தால் போதாது, ஐந்தாவது வேண்டும். நம் ஊரில் அதை 'ஸ்டெப்னி' என்கிறோம். இங்கே கேட்டால் புரியாது, 'ஸ்பேர்' என்றுதான் சொல்வார்கள். இத்தனைக்கும் அந்தப் பெயர் பிறந்தது இதே பிரிட்டனில். வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு நிறுவனம், நூறாண்டுகளுக்கு முன் மாற்றுச் சக்கரம் செய்து உலகமெங்கும் விற்றது. பிறந்த நாட்டில் பெயர் மறந்துபோய், நம் டிரைவர்களின் வாயில் பிழைத்திருக்கிறது.

பேரத்துக்கு நேரம் காலம் உண்டு. சனிக்கிழமை காலையில் தேர்வு அதிகம், விலை இறங்காது. ஞாயிறு மாலையில் விற்காததை மறுபடி வேனில் ஏற்ற யாருக்கும் மனம் வராது. விலை மளமளவென இறங்கும். ஆனால், நல்ல செட் அதுவரை காத்திருக்காது. ஷாமியானாவைச் சுருட்டும் நேரத்தில் மிச்சமிருப்பது, எல்லோரும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துப்போன சக்கரம். அதன் மலிவு விலையில் மயங்குவதுதான் இந்த வயலின் பெரிய ஆபத்து. புல்வெளியில் பில் கேட்டு வாங்குவோர் குறைவு. திருப்பிக் கொடுக்க நினைத்தால் அந்த மேஜை அங்கே இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் கடைக்கு ஓடக் கூடாது. முதலில் சாண்ட் பிளாஸ்டிங் செய்து வெற்று உலோகமாக்கி, இன்னொரு முறை விரிசல் பார்க்க வேண்டும். சந்தையில் டார்ச்சுக்குத் தப்பியது இப்போது தெரியும். நிறமுள்ள திரவத்தைப் பூசித் துடைத்து, விரிசலுக்குள் தங்கும் சாயத்தைப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. பிறகே பவுடர் கோட்டிங். அதிலும் நட்டு உட்காரும் இடத்தில் தடிமனாகப் பூசிவிடக் கூடாது. வண்டி ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். விளிம்பின் உள்ளே டயரைப் பிடித்துவைக்கும் மேடு இல்லாத பழைய சக்கரம் என்றால், அதற்கேற்ற டயரும் டியூபும் போட வேண்டும். மாட்டி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்ப்பார்கள்.

ஐந்தில் ஒன்று விரிசலோடு வந்துவிட்டால் அந்தப் பணம் போனதுதான். அதை ஷெட்டில் போட்டுவைத்தால், பத்து வருடம் கழித்து யாராவது ஷெட்டைக் காலிசெய்து, பெயின்ட் அடித்து, மறுபடி பியூலிக்கே கொண்டுவருவார்கள். அதனால், விஷயம் தெரிந்தவர்கள் அதை இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அடுத்த செப்டம்பரில் அட்டையோடு மீண்டும் வரிசையில் நிற்கிறார்கள், ஒரே ஒரு சக்கரத்துக்காக.