ஆறு அங்குலமா, பத்து அங்குலமா?

போன வாரம் பழைய சகாக்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், இந்த இ-ரீடர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்த சைஸ் வாங்கலாம்?" இருவரும் என்னைப் போலப் பென்ஷன்காரர்கள். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன். முதல் தடவை தப்பாக வாங்கியவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-ல் நான் பள்ளிக்கூடப் பையன். லீவு விட்டால் நூலகத்தில் ழூல் வெர்ன் நாவல்களோடு உட்கார்ந்துவிடுவேன். பிறகு ஆவடியில் மத்திய அரசு குமாஸ்தா வேலை. முப்பத்தைந்து வருடம் ஃபைல் எழுதியது இங்கிலீஷில், பேசியது தமிழில். பிரெஞ்சு துருப்பிடித்துப் போயிற்று.

ரிட்டயர் ஆனதும் இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, வெர்னை மறுபடி பிரெஞ்சிலேயே படிப்பது. இரண்டாவது, எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்தவர் அவர். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடந்ததையெல்லாம் தமிழில் எழுதி வைத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-லிருந்து 1928 வரை சென்னையில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பேரன்தான் தேடி எடுத்துக் கொடுத்தான்.

கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் படித்தால் கண் எரிகிறது. அதனால் ஆறு அங்குலக் கிண்டில் ஒன்று வாங்கினேன். விலை குறைவு, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு.

வெர்ன் அருமையாக வந்தார். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினேன், வரிகள் தாமாகவே மடங்கிக்கொண்டன. மறந்துபோன பிரெஞ்சு வார்த்தை மேல் விரலை வைத்தால் அகராதி திறக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் இருந்திருந்தால் எத்தனை அடி மிச்சமாகியிருக்கும்!

அடுத்து பிள்ளையவர்களைத் திறந்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி அதில் வேலை செய்யவில்லை. இரண்டு விரலால் பக்கத்தை இழுத்துப் பெரிதாக்கலாம், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கம் நகர்த்தி மறுபடி இடது பக்கம் நகர்த்த வேண்டும். அந்தத் திரை மெதுவாக மாறுகிற வகை என்பதால் ஒவ்வொரு தடவையும் அது மினுக்கி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு பக்கம் தாண்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. கருவியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஏன் இப்படி என்று பிறகுதான் யோசித்தேன். மின்புத்தகங்களில் இரண்டு ஜாதி உண்டு. இ-பப் மாதிரியானவை தண்ணீர் போல, பாத்திரத்துக்கு ஏற்ற வடிவம் எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் அச்சுப் பக்கத்தின் போட்டோ மாதிரி, பக்கம் என்ன அளவோ அதுதான். தமிழ் இணைய நூலகத்தில் உள்ள பழைய புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டாவது ஜாதி.

ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஆறு அங்குலம் என்பது மூலைக்கு மூலை. உண்மையான திரை சுமார் 9 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். ஏ4 தாள் 21-க்கு 29.7. முழுப் பக்கமும் தெரிய வேண்டுமானால் 41 சதவீதமாகச் சுருங்கியாக வேண்டும். 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்டாகிவிடும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டு மாதிரி. ஏழு அங்குலம் வாங்கினாலும் பாதிக்குக் கீழ்தான். பத்து அங்குலத்தில் சுமார் 70 சதவீதம், அதாவது 8 பாயின்டுக்குச் சற்று மேல். கண்ணாடி போட்டுக்கொண்டு தாராளமாகப் படிக்கலாம்.

இதை நம்பாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. குமணன்சாவடி ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடைப் பையனிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து, "தம்பி, 41 பர்சென்ட், அப்புறம் 70 பர்சென்ட்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தான். ஐந்து ரூபாயில் தெரிந்துகொள்ள வேண்டியதை நான் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

இனி நான் கணக்கில் சேர்க்காத விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு வருடம் முன்பு பின்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கூடியது, ஆனால் பழைய பலம் வரவில்லை. தோசைக்கல்லை இடது கையால்தான் தூக்குகிறாள். அந்தச் சமயம் பொன்னியின் செல்வனை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாகத்தில் செருகிய பஸ் டிக்கெட் அப்படியே நின்றுவிட்டது. கேட்டால், "படிச்ச கதைதானே" என்பாள். கை வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டிவி போதும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஒருநாள் அலமாரி சுத்தம் செய்தவள் கருவியைக் கையில் எடுத்தாள். "ஏங்க, இது இவ்வளவு லேசா இருக்கே?" 158 கிராம். அச்சுப் புத்தகத்தை மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது அரைக் கிலோவுக்கு மேல் காட்டியது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பேரன் முதல் ஜாதிப் பிரதியாகவே பார்த்து ஐந்து பாகத்தையும் ஏற்றிக் கொடுத்தான். எழுத்தைப் பெரிதாக்கி, இடது கையில் பிடித்து, கட்டை விரலால் தட்டித் தட்டி, நாற்பது நாளில் முடித்துவிட்டாள். ராத்திரி லைட்டை அணைத்த பிறகும் படிக்கிறாள். என் தூக்கம் கெடவில்லை.

நான் தப்பாக வாங்கிய சைஸ் அவளுக்குச் சரியான சைஸ். பத்து அங்குலக் கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். அதை முதலிலேயே வாங்கியிருந்தால் இவள் தொட்டே இருக்கமாட்டாள்.

அகவிலைப்படி அரியர் வந்ததும் எனக்கென்று அந்தப் பத்து அங்குலத்தை வாங்கினேன். அதைக் கையில் பிடிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் சாய்வுப் பலகை போட்டு, ஆபீஸ் லெட்ஜர் மாதிரி வைத்துப் படிக்கிறேன். பிள்ளையவர்கள் இப்போது இரண்டாம் தொகுதியில் இருக்கிறார்.

ஆகவே நண்பர்களே, நாவலும் கதையும்தான் என்றால் ஆறு, ஏழு அங்குலமே போதும். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால் பத்துக்குக் குறையாதீர்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மலிவு மாடல்களில் 167-தான், தமிழில் புள்ளியும் கொம்பும் மங்கலாகத் தெரியும். மஞ்சள் வெளிச்சம் வைத்துக்கொள்ளும் வசதி ராத்திரி படிப்பவர்களுக்கு நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை. முக்கியமாக, பழைய காலண்டர் அட்டையை 9-க்கு 12 சென்டிமீட்டரில் ஒன்றும், 15-க்கு 20-ல் ஒன்றும் வெட்டுங்கள். பெரியதோடு அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டைச் சேர்த்துக் கால் மணி நேரம் பிடித்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவரிடமும் கொடுத்துப் பாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குரல் வருகிறது. "ஏங்க, சிவகாமியின் சபதம் இதுல ஏத்த முடியுமா?" பேரனுக்குப் போன் போட வேண்டும்.