உதவி ஆசிரியர் நீக்கிய ஒரு வரி

மத்ரஸாவில் மஃக்ரிப் பாடம் முடித்து, இஷாவுக்குப் பின் ஒரு மாத இதழின் உதவி ஆசிரியராக மெய்ப்புப் பார்க்க அமர்கிறோம். ஒற்றுப்பிழைகளும் வசன எண்களும் விரைவில் முடிந்துவிடும். "நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்" எனத் தொடங்கி, நூற்பெயரின்றி முடியும் வரிகளே இரவை விழுங்குகின்றன.

சென்ற மாதம் மூத்த ஹஜ்ரத் ஒருவரின் கட்டுரையில், சீனம் சென்றேனும் கல்வி தேடச் சொல்லும் செய்தி ஹதீஸாக இடம்பெற்றிருந்தது. மேடைகளில் நாம் கேட்டு வளர்ந்ததுதான். ஆயினும் இப்னுல் ஜவ்ஸீ அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்துள்ளார். கல்வி கடமை என்னும் இப்னு மாஜாவின் அறிவிப்பை அவ்விடத்தில் வைக்கலாமா என்று தொலைபேசியில் பணிந்து கேட்டோம். "நமக்கே ஹதீஸ் பாடமா, மௌலவி?" என்றார்கள்.

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள், அபூபக்ர் (ரலி) ஆட்சியில் குர்ஆனைத் தொகுத்தபோது, பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் மனிதர் நெஞ்சங்களிலும் தேடித் திரட்டினார்கள். மலையைப் பெயர்ப்பதே இதனினும் எளிது என்று அவர்கள் உணர்ந்ததாக ஸஹீஹ் புகாரியில் உள்ளது. நம் பொறுப்பில் இருந்ததோ ஒரே ஒரு வரி!

ஆசிரியரிடம் ஆதாரத்தைக் காட்டினோம். அவ்வரி நீங்கிக் கட்டுரை அச்சேறியது. இம்மாதம் ஹஜ்ரத் எதுவும் அனுப்பவில்லை. ஜும்ஆவில் ஸலாம் உரைத்தோம். பதில் கூறினார்கள், கையை மட்டும் நீட்டவில்லை.