ஓடினா அரைப்பேரா?

வேலைத்தளப் பாதுகாப்பு என்று இணையத்தில் தேடிப் பாருங்க. மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தர், கையுறை, பெரிய பூட்ஸ், பின்னால் பாதி கட்டின கட்டடம். இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடை மாட்டி, சறுக்குற மலையில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவின் படம் அதில் கிடைக்காது. 2023 இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். கடல் தாண்டி வந்து 200 வருசம் உழைச்ச பிறகும், ‘வேலைத்தளம்’ என்ற சொல்லுக்குள் எங்கள் மலை இன்னும் வரவில்லை.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அரைநாள் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று செய்யக் கேட்டபோது, எங்கள் கையில் ஒரு கையேடும் தந்தார்கள். ‘தனிநபர் பாதுகாப்பு உபகரணங்கள்’, ‘இடர் மதிப்பீடு’, ‘அவசர வெளியேற்றம்’. தமிழ்தான், ஆனால் மலையில் யாரும் பேசாத தமிழ். எங்களில் பாதிப் பேர் லயத்தில் வளர்ந்தவங்க. இதை வீட்டில் வாசிச்சுக் காட்டினால் அம்மாமார் என்ன சொல்வாங்கன்னு எங்களுக்குத் தெரியும். கையேட்டை மூடி வைச்சோம்.

கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், நிறுவை முடிஞ்சு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், ஒரு பெரிய தாளை விரிச்சோம். மலையை வரைஞ்சு, “எங்க பயமா இருக்கு, புள்ளி வைங்க” என்று சிவப்புப் பேனாவைக் கொடுத்தோம். பத்து நிமிசத்தில் தாள் சிவந்து போனது. குளவிக்கூடு இருக்கிற மரங்கள். புல் மூடி வாய் தெரியாத கான். மழை பெய்தால் வழுக்குற படிக்கல்லு. ஐப்பசி பின்னேரத்தில் இடி விழுகிற உச்சி. குடிக்கத் தண்ணி இல்லாத மேல்மலை. ஒதுங்க ஒரு மறைவு இல்லாத இடம். எந்த நிபுணரும் இல்லாமலே இடர் மதிப்பீடு முடிஞ்சது.

அப்புறம் ஒரு அக்கா கேட்டாங்க: “குளவி வந்தா ஓடணும்னு எங்களுக்குத் தெரியும் தம்பி. ஓடினா கூடை கவுந்துரும், கொழுந்து கொட்டிப்போகும். கிலோ காணாட்டி அரைப்பேர்தான் போடுவாங்க. அதுக்கு உங்க பயிற்சியில என்ன இருக்கு?”

அந்தக் கேள்விதான் பயிற்சியின் வடிவத்தைத் தீர்மானித்தது.

2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. அதோடு, எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் என்ற கணக்கும் பல தோட்டங்களில் இறுகியது. குளவிக்கூடு இருக்கிற மரத்துக்குக் கீழேயும் ஒருத்தர் கொழுந்து எடுக்கிறார் என்றால் அது அறியாமை இல்லை. கிலோக் கணக்கு அவரை அங்கே நிறுத்தி வைக்கிறது. கிலோவைப் பற்றிப் பேசாமல் குளவியைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்தால், பழியைத் தொழிலாளர் தலையில் போட்டுட்டு வருகிற பயிற்சியாகத்தான் அது இருக்கும்.

ஊவாவில் இருக்கிற எங்களுக்கு இது புதுசில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்து என்று எச்சரித்திருந்தது. ஆபத்து என்ற தகவல் இருந்தது. போவதற்கு வேறு காணி, வேறு வீடு இருந்ததா? விலகிப் போக வழி இல்லாதவருக்கு எச்சரிக்கையால் என்ன பிரயோசனம்?

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கு. தேயிலை ஸ்டோரில் ரோலரில் கை மாட்டினால் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கேள்வி கேட்கும். அந்தச் சட்டம் மலைக்கு ஏறாது. 1934 இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் மலையில் அடிபட்டவருக்கும் உண்டு, ஆனால் அது அடிபட்ட பிறகு வருவது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2001 இல் கொண்டுவந்த 184 ஆம் இலக்க உடன்படிக்கை விவசாய வேலைக்கென்றே எழுதப்பட்டது. உடனடியான, பெரிய ஆபத்து என்று நியாயமாக நம்பினால் தொழிலாளர் அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவருக்குப் பாதகம் செய்யக்கூடாது என்கிறது அது. அக்கா கேட்டது இதைத்தான்.

அதனால் பயிற்சியை இரண்டாகப் பிரிச்சோம். முதல் பாதி தொழிலாளருக்கு. குளவி கலைஞ்சால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, மூடின கட்டடத்தைப் பார்த்து ஓடணும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்கக் கூடாது, நேரே வைத்தியசாலை. 1990 க்கு அழைச்சால் இலவச அம்புலன்ஸ் வரும். மலையில் எந்த இடத்தில் ‘சிக்னல்’ கிடைக்கும் என்பதையும் படத்தில் பச்சைப் புள்ளியாகக் குறிச்சோம். மருந்து அடிக்கிறவங்க காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கணும், அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறப்போடக் கூடாது, காலிக் கேனைத் தண்ணி எடுக்க வைச்சுக்கொள்ளக் கூடாது. அடிபட்டால் நாள், நேரம், எந்த மலை, யார் பார்த்தது என்று அன்றைக்கே எழுதி வைக்கணும். பிறகு நட்டஈடு கேட்கும்போது அந்தத் துண்டுதான் கைகொடுக்கும்.

இரண்டாம் பாதி கங்காணிமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்கும். அதே சிவப்புப் புள்ளித் தாளை அவர்கள் முன்னால் விரிச்சு மூன்று விசயம் கேட்டோம். காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரிக்க முதல் அந்த மலையில் குளவிக்கூடு இருக்கா என்று பார்க்கணும். மேல்மலைக்குத் தண்ணி அனுப்பணும். குளவிக்கோ இடிக்கோ இறங்கி வந்தவருக்கு அன்றைக்கு முழுப்பேர் போடணும்.

முதல் இரண்டுக்கும் சம்மதம் கிடைச்சது. மூன்றாவதுக்கு “பார்ப்போம்” என்றார்கள். இன்னும் எழுத்தில் வரவில்லை. ஆனால் படம் கொழுந்து மடுவத்துச் சுவரில் இருக்கு. புதுக் கூடு கண்டால் பெண்களே புள்ளி வைக்கிறாங்க. “அந்தப் பக்கம் போகேலாது, படத்துல இருக்கு” என்று கங்காணியிடம் சொல்ல அவங்களுக்கு இப்போ ஒரு சாட்சி இருக்கு.

இதை வாசிக்கிற உங்களில் பலபேரின் அம்மா, சித்தி, அத்தை இன்றைக்கும் மலைக்குப் போறவங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து, அவங்க வேலை செய்யிற மலையை வரையச் சொல்லுங்க. பயமான இடத்தில் எல்லாம் புள்ளி வைக்கச் சொல்லுங்க. பிறகு, அங்கே இருந்து ஓடி வந்தால் அன்றைக்கு எத்தனை பேர் போடுவாங்கன்னு கேளுங்க. பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த தோட்டத்தில் மூன்றாவது கேள்வியை முதலில் வைக்கப் போகிறோம்.