குளிர்ப்பெட்டியைக் கட்டிய கதை

“நுவரெலியாப் பக்கத்திலே இருந்துகொண்டு குளிர்ப்பெட்டிக்கு அலைகிறீரே! கதவைத் திறந்து வைத்தால் வீடே குளிர்ப்பெட்டிதானே!” என்று நண்பர் ஒருவர் என்னைக் கேலி செய்தார்.

கேட்பவர்களுக்கு அது நியாயமான கேலியாகவே தோன்றும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் அங்கே புல்நுனியில் உறைபனி படிவதும் உண்டு. நான் குடியிருக்கும் ஹட்டன் அதனினும் தாழ்வானதாயினும், அங்கும் கம்பளியின்றி இரவைக் கழிக்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில், பழைய லாண்ட் ரோவர் வண்டி ஒன்றினுள் குளிர்ப்பெட்டியைப் பொருத்துவதற்காக ஒருவன் ஆணியும் சட்டமும் தேடி அலைந்தால், அவனைப் பார்த்து நகைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

ஆயினும் மலைநாட்டுக் குளிர் நம்பத்தக்க வேலைக்காரனன்று. விடியற்காலையில் உறைபனி, நண்பகலில் லயத்தின் தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம், வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள்ளே அடுப்பங்கரை வெப்பம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் வேறொரு தேசத்துக் காற்று முகத்தில் அடிக்கும். இத்தகைய குளிரை நம்பி என் தாயாரின் மருந்தை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய். நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1921ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்நோய் கண்ட குழந்தைகள் பட்டினிப் பத்தியத்தில் சில காலம் கிடந்து மடிவதே வழக்கமாயிருந்தது. அவ்வளவு பெரிய வரத்துக்கு ஒரே ஒரு குறை. திறக்காத குப்பியை 2 பாகைக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையில் வைத்துப் பேண வேண்டும். திறந்த குப்பி வெயில் படாத சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். அதிக வெப்பம் அதன் சக்தியைக் குறைக்கும்; உறைந்து போனாலோ பின்னர் உருகினாலும் பயன்படாது. உறைந்து உருகிய மருந்து கண்ணுக்குப் பழையபடியே தோன்றக்கூடும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

அம்மா இருப்பது பொகவந்தலாவைக்கு அப்பால், மலைச்சரிவிலுள்ள ஒரு தோட்டத்தில். “நான் கொழுந்து பறிச்ச மலைய விட்டுட்டு டவுனுக்கு வந்து என்ன செய்யப் போறேன்?” என்பது அவரது பிடிவாதம். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், அங்கே மின்சாரம் திரும்பி வருவதற்குச் சில வேளைகளில் இரண்டு நாட்களும் ஆகும். அக்காலங்களில் அம்மா ஈர மணலின்மேல் மண்பானை ஒன்றை வைத்து, நனைத்த சாக்கைச் சுற்றி, அதற்குள் குப்பியை வைத்திருப்பார். நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும் என்ற விஞ்ஞான உண்மையை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. ஆனால் காற்றே ஈரமாய், மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும் நாட்களில் நீர் எப்படி ஆவியாகும்? திறந்த குப்பிக்குப் பானை போதும். மாதக்கணக்கில் சேமித்து வைக்கும் குப்பிகளுக்குப் போதாது.

2022ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டை இலங்கையில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. டீசலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. இன்சுலின் கிடைத்த ஒரு நாளில் மூன்று மாதத்துக்குப் போதுமான குப்பிகளை வாங்கிவிட்டேன். வாங்கிய மகிழ்ச்சி வீடு வந்து சேருமுன்னரே மறைந்தது. இதை எங்கே வைப்பது? இனியொரு முறை கிடைக்குமா என்று தெரியாத பொருளல்லவா!

டுபாயில் வேலை பார்த்துத் திரும்பிய என் அக்காள் மகன், 35 லீற்றர் கொள்ளும் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். வீட்டுக் குளிர்ப்பெட்டியைப் போலவே அமுக்கி யந்திரம் உள்ளது. ஆனால் மோட்டார் வண்டியின் 12 வோற்று மின்சாரத்தில் இயங்குவது. “மாமா, மின்சாரம் இல்லாட்டி ஜீப்புல வச்சிக்குங்க” என்று அவன் அதை என்னிடம் ஒப்படைத்தான். பின்னிருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில் பெட்டியை வைத்தேன். கைப்பிடியில் நைலோன் கயிற்றைக் கோத்து இருக்கையின் காலில் இரண்டு முடிச்சுப் போட்டேன். முன்பக்கத்தில் சிகரெட் பற்ற வைக்கும் துளையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை இழுத்து விட்டேன். காரியம் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

நான் 30 ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவன். சடத்துவ விதியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓடும் வண்டி சட்டென்று நின்றாலும் அதனுள் உள்ள பொருள் தொடர்ந்து ஓடவே முயலும் என்று எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன், தன் வண்டிக்குள் ஓடக்கூடிய பொருள் ஒன்று இருப்பதை மறந்து போனான்.

அம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்து வந்து, மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். நோர்வூட்டைக் கடந்த பின்னர் நல்ல மழை. ஒரு வளைவில் மேலிருந்து மண்ணும் கல்லுமாகச் சரிந்து பாதி வீதியை மறைத்திருந்தது. பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்தேன். வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை. மழையில் நனைந்து நெகிழ்ந்திருந்த கயிறு நழுவ, பெட்டி முன்னே பாய்ந்து இருக்கையின் முதுகில் மோதி, அதன் மூலை அம்மாவின் தோளில் இடித்தது.

பதறித் திரும்பினேன். அம்மா வலியை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மருந்தக் காப்பாத்தப் போயி, மருந்து போடுற ஆள விட்டுட்டியே ராசா!”

எலும்பு முறியவில்லை. தோள் வீங்கிக் கறுத்து, கையைத் தூக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் இன்சுலின் ஊசியை அவருக்கு நானே ஏற்றினேன். ஒவ்வொரு வேளையும் அந்தச் சொல் என் காதில் ஒலித்தது.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டியும் அதற்குள் இருந்த தண்ணீர்ப் போத்தல்களும் சேர்ந்து 25 கிலோ. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி மண்திட்டில் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருளைப் பிடித்து நிறுத்த அதன் எடையைப்போல் ஏழு மடங்கு பலம் வேண்டும். அதாவது அந்தச் சிறு பெட்டி 175 கிலோ மூட்டையைப் போல இழுக்கும். அதைத் தடுக்க நான் வைத்தது கொடிக்கயிறு!

மறுவாரம் ஹட்டனில் ஒட்டு வேலை செய்யும் பாஸ் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சேர், தூக்குற பிடி வேற, கட்டுற பிடி வேற” என்றார். ஆசிரியனுக்கு அன்று அவர் ஆசிரியரானார்.

முதலில் அவர் துளையிடும் யந்திரத்தை எடுக்கவில்லை. வண்டிக்கடியில் படுத்து, டீசல் தாங்கி எங்கே, பிரேக் குழாய் எங்கே, மின்கம்பி எங்கே என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டார். பின்னர் முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒட்டுப்பலகையைப் பெட்டியின் அளவுக்கு அறுத்து, நான்கு ஓரமும் இரும்புச் சட்டம் வைத்து ஒரு தட்டுப்போல ஆக்கினார். அதைத் தளத்தோடு நான்கு போல்ட்டுகளால் பிணைத்தார். தளத்துக்குக் கீழே ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்று. லாண்ட் ரோவரின் பின்தளம் மெல்லிய அலுமினியமாதலால், சிறிய வளையம் மட்டும் இட்டால் இழுவையில் தகடு கிழிந்து போல்ட் பிய்ந்து வந்துவிடும் என்றார். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துவிடும். ஆகையால் இடையில் சாயமும் இறப்பர்த் துண்டும் வைத்தார்.

பெட்டியை இருக்கையின் முதுகோடு நெருக்கி, இயன்றவரை தாழ்வாக அமர்த்தினார். பாரம் வண்டியின் கடைக்கோடியில் இருந்தால் மேடு ஏறும்போது முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். உயரத்தில் இருந்தால் வளைவில் வண்டி சாயும். பிறகு லொறிக்காரர்கள் பயன்படுத்தும் பல்சக்கரப் பூட்டுள்ள அகல நாடா இரண்டைப் பெட்டியின் மேலே குறுக்கிட்டுப் போட்டு, தட்டின் வளையங்களில் மாட்டி இறுக்கினார். காற்று புகும் சல்லடைப் பக்கத்தில் மட்டும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டார். உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் குளிர்ப்பெட்டியின் தொழில். அதற்கு வழியில்லாவிட்டால் யந்திரம் ஓய்வின்றி ஓடிப் பற்றரியைத் தின்றுவிடும்.

கம்பியிலும் என் அறியாமை வெளிப்பட்டது. பெட்டி அடிக்கடி தானே நின்றுவிடுவதற்குக் காரணம் பற்றரியன்று. நான் இழுத்த 0.75 சதுர மில்லிமீற்றர் கம்பியே. ஐந்து மீற்றர் போய் ஐந்து மீற்றர் திரும்பும் அந்த மெல்லிய கம்பியில், 4 அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1 வோற்று வழியிலேயே வீணாகிறது. பற்றரி வெறுமையாகிவிட்டது என்று பெட்டி ஏமாந்து நின்றுவிடுகிறது. பாஸ் பற்றரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்தார். பற்றரியின் அருகிலேயே 15 அம்பியர் உருகி ஒன்றை வைத்தார். கம்பி எங்கேனும் உராய்ந்து வண்டியின் உலோகத்தில் பட்டால், தீப்பற்றுமுன் உருகி அறுந்துவிட வேண்டுமல்லவா?

எல்லாம் முடிந்ததும் என்னை அழைத்து, “பிடிச்சி ஆட்டிப் பாருங்க சேர்” என்றார். இரு கைகளாலும் பெட்டியைப் பற்றி உலுக்கினேன். வண்டி முழுவதும் ஆடியது. “அதான் கணக்கு. ஆடினா வண்டியோட சேர்ந்து ஆடணும். பெட்டி தனியா ஆடக் கூடாது.”

முதல் ஓட்டத்துக்கு அம்மா ஒரு பரீட்சை வைத்தார். இன்சுலினுக்குப் பதிலாக ஆறு கோழிமுட்டைகள்! கல்லும் பள்ளமுமான தோட்டத்துப் பாதையில் ஏறி இறங்கித் திறந்து பார்த்தோம்; ஒன்றிலும் கீறல் இல்லை. வெப்பமானி 5 பாகை காட்டியது. குப்பிகள் குளிர்த்தகட்டைத் தொட்டு உறைந்து விடாதபடி, அவற்றைத் துணியில் சுற்றிக் கூடையின் நடுவில் வைக்கும் வழக்கத்தையும் அன்றே தொடங்கினோம்.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் டீசல் முற்றாக இல்லாமற் போயிற்று. வண்டியை லயத்தின் ஓரத்தில், மாரியம்மன் கோயிலுக்கருகே நிறுத்தி, கூரையில் 100 வாற்றுச் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தினேன். வெயில் அடித்த வேளையில் பற்றரி நிறையும். வெயில் இல்லாவிட்டாலும் அமுக்கி மணிக்கு 20 நிமிடமளவே ஓடுவதால் ஒரு முழு நாள் தாக்குப் பிடிக்கும். செய்தி பரவியது. “தம்பி, எங்க மருந்தயும் வைக்கலாமா?” என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருவர் வந்தார், பின்னர் மேல்கணக்கிலிருந்து இருவர். கடைசியில் ஏழு பேருடைய குப்பிகள், பெயர் எழுதிய காகிதம் ஒட்டப்பெற்று, அந்தச் சிறு பெட்டிக்குள் அருகருகே இருந்தன. காலையும் மாலையும் அவரவர் வந்து பெற்றுச் செல்வார்கள். அந்தக் கொடிய மாதங்களில் ஒரு குப்பியும் கெடவில்லை.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் டீசல் கிடைத்துப் பிரயாணம் மீண்டும் தொடங்கிய நாளில், அம்மா வண்டியில் ஏறி அமர்ந்து, பின்னால் திரும்பிப் பெட்டியையும் அதன்மேல் இறுகிக் கிடந்த இரண்டு நாடாக்களையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு தம் மடியைப் பார்த்துச் சிரித்தார்.

“அதுக்கு ரெண்டு பெல்ட்டு. எனக்கு ஒண்ணும் இல்லயா?”

நான் வெட்கித் தலைகுனிந்தேன். பழைய வண்டியாதலால் பின்னிருக்கையில் பட்டிகள் இல்லை. அந்தக் குறை அதுவரை என் கண்ணில் படவே இல்லை. மறுநாளே பாஸிடம் சென்று, அதேபோன்ற கனத்த தகடுகள் வைத்துப் பின்னிருக்கைக்குப் பட்டிகள் பூட்டுவித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே, “இத முதல்ல செஞ்சிருக்கணும் சேர்” என்றார்.

அன்று முதல் மலைவீதியில் போகும் வாகனங்களை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். கொழுந்துச் சாக்குகள் சரியாமல் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். அதே மலையில், திறந்த லொறியிலும் டிராக்டர்ப் பெட்டியிலும், கொழுந்தைப் பறித்த பெண்கள் பிடிக்க ஒரு கம்பியுமின்றி ஒருவர் தோளை ஒருவர் பற்றி நின்றுகொண்டு போவார்கள். பொருள் விழுந்தால் நட்டம் என்று நமக்கு உடனே தெரிகிறது. மனிதர் மட்டும் தாமே பிடித்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிடுகிறோம்.

இப்போது ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முன்னர் நான் இரண்டு பூட்டுகளைச் சரி பார்க்கிறேன். முதலில் அம்மாவின் பட்டி. அதற்கு அப்பால்தான் பெட்டியின் நாடா.